நெட்டைக்கு, ஸ்டுடியோ எழுதுவது

தஞ்சாவூர்,
ஆடி வெள்ளி

அன்புள்ள நெட்டை,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷனுக்குப் பிறகும் உன் கையெழுத்து கோழி கிளறினது போலத்தான் இருக்கிறது. அதைப் பார்த்ததுமே சௌக்கியமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடு. இங்கே வீட்டுக்காரிக்கு முழங்கால் மக்கர் பண்ணுகிறது, மாடி ஏறுவதில்லை. அதனால் மாடி முழுக்க என் ராஜ்யம். புது ஆற்றில் தண்ணீர் கரை புரண்டு போகிறது. இர்வின் பாலத்தை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள். நீ வந்தால் அந்த இடத்தில் நின்று கொஞ்சம் முழிப்பாய்.

"மேல வீதி அந்தக் காலத்தில் இருந்தபடி உங்கப்பா ஒரு போட்டோவாவது எடுத்து வைத்திருப்பாரே, தேடிப் பார்" என்று ரெண்டு வரியில் எழுதிவிட்டாய். எனக்குப் பத்து நாள் வேலை ஆகிவிட்டது.

பரணில் மூன்று தகரப் பெட்டி கிடந்தது. ஒன்றில் பிலிம் சுருள்கள், வெயிலில் அப்பளம் மாதிரி வளைந்து போயிருந்தன. மற்ற ரெண்டிலும் பிளேட் என்று நாங்கள் சொல்கிற கண்ணாடி நெகடிவ், பெரும்பாலும் ஆஃப் பிளேட் அளவு. பேரன்தான் வழி சொன்னான். அவனுடைய டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, அதன்மேல் பிளேட்டைக் கிடத்தி, போனில் படமெடுத்து, கறுப்பை வெள்ளையாக்கி வெள்ளையைக் கறுப்பாக்கினால் முகம் எழுந்து வருகிறது. டார்க் ரூமில் டிரேக்குள் படம் மெள்ளக் கிளம்புமே, அந்தச் சுகம் இதில் இல்லை. ஆனாலும் முதல் முகம் வந்தபோது எனக்குக் கை நடுங்கியது நிஜம்.

எல்லாம் முகங்கள்தான். ஊர் இல்லை. ஜடை தைத்துக்கொண்ட பெண்கள், பின்னல் தெரிவதற்காகப் பின்னால் நிலைக்கண்ணாடி. புது சைக்கிளைப் பிடித்தபடி ஒரு மைனர், பின்னால் படுதாவில் நிலாவும் தடாகமும். நாகப்பட்டினம் போய் ராஜுலா கப்பல் ஏறி மலேயா, சிங்கப்பூர் போகிறவர்களின் பாஸ்போர்ட் படங்கள். அந்தக் கண்களில் இருக்கிற பயத்தை நெகடிவில் முகத்தைத் திருத்துகிற அப்பாவின் டச்சிங் பென்சிலால்கூட மறைக்க முடியவில்லை. இறந்துபோன பெரியவர் ஒருவரை மாலையோடு நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் பிள்ளைகள் நின்று எடுத்துக்கொண்டது. அதற்கு அப்பா விடியற்காலை மிதி வண்டியில் கேமராப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார், திரும்பி வந்து குளித்துவிட்டுத்தான் காபி.

ஒருமுறை நான் கேட்டேன், "ஏன்ப்பா தெருவை எடுக்கறதில்லை?" அப்பா சொன்னார்: "தெரு காசு குடுக்குமாடா?" வாஸ்தவம். மேட்டூர் திறந்து, குறுவை சம்பா கைக்கு வந்து, தை பிறந்து, கல்யாணம் நடந்தால்தான் எங்கள் கல்லாவில் சத்தம் கேட்கும். பிளேட் விலை ஏறிக்கொண்டே இருந்தபோது ஒரு மாட்டு வண்டியையும் தெரு நாயையும் எடுத்து வைக்க யாருக்கு வரும் மனசு?

இதற்கு நேர் எதிர் ஒன்றையும் பேரன் காட்டினான். லின்னேயஸ் டிரைப் என்று ஒரு வெள்ளைக்காரக் கேப்டன், கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்து ஆள், சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபர். 1858-ல் நம் ஊருக்கு வந்திருக்கிறார். தஞ்சாவூரின் கடைசி மராட்டிய ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் 1855-ல் இறந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, கம்பெனி அரண்மனைக்குப் பூட்டும் போட்டிருந்தது. பெரிய கோயில், நந்தி, சுப்பிரமணியர் சந்நிதித் தூண்கள், பீரங்கி மேட்டில் ராஜகோபால பீரங்கி, திருவையாறு எல்லாம் எடுத்திருக்கிறார். பெரும்பாலும் மெழுகு ஏற்றின காகிதம்தான் நெகடிவ். அந்த நுணுக்கத்தைப் பார்த்தால் அப்பா எழுந்து நின்று கும்பிட்டிருப்பார். வானம் வெறுமையாக இருக்கிறதென்று நெகடிவ் மேலேயே மை தீட்டி மேகம் சேர்த்திருக்கிறார் மனிதர். டச்சிங் நம் கண்டுபிடிப்பு என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடுகிற கல்வெட்டை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி 21 படமாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கியிருக்கிறார். அவருக்கு ஒரு எழுத்துகூடப் புரிந்திருக்காது. அன்றைக்கு அந்தக் கல்லை ஊரில் யார் படித்தார்கள்? கோயிலைக் கட்டியது யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டிருந்த காலம். அரசாங்கக் கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ஷ் 1886-க்குப் பிறகு கல்வெட்டுகளை வரிசையாகப் படித்து அச்சுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ராஜராஜன் பெயர் சந்தேகமில்லாமல் நின்றது. அதற்கு இருபத்தெட்டு வருஷம் முன்னாலேயே ராஜராஜன் பேச்சு ஒரு காகிதத்தில் ஏறி, படிக்க ஆளில்லாமல் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் இவர் படத்தில் ஆள் இல்லை. பிராகாரம் துடைத்துவைத்த மாதிரி கிடக்கிறது. அந்தக் காகிதத்துக்கு ஒளி ஏற நேரம் பிடிக்கும். நிற்கிற கல் பதியும், நடக்கிற மனுஷன் பதியமாட்டான். குருக்கள், பூக்காரி, மாடு எல்லாரும் லென்சுக்கு முன்னால் போயிருப்பார்கள், ஆனால் காகிதத்துக்கு அவர்கள் வரவேயில்லை. புது ஆறும் கிடையாது. அது மேட்டூர் அணையோடு 1934-ல் வந்த வாய்க்கால்தானே. பலகையில் கல்லணைக் கால்வாய் என்று எழுதியிருக்கிறது, தொண்ணூறு வயசும் ஆகிவிட்டது, நமக்கு இன்னமும் அது புதுசு.

ஆக, டிரைப் படத்தில் ஊர் இருக்கிறது, ஜனம் இல்லை. அப்பா பெட்டியில் ஜனம் இருக்கிறது, ஊர் இல்லை. நடுவில் இருந்ததைத்தான் நீ கேட்கிறாய். அது ஏன் என்னிடம் குறைவாக இருக்கிறது என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்?

அப்பா போன பிறகு ஸ்டுடியோவில் இடம் போதவில்லை. கலர் வந்துவிட்டது. யாஷிகாவும் பிலிம் ரோலும் போதும், பழைய பிளேட் யாருக்கு? படம் கழுவுகிற ஹைப்போ ரசாயனத் தண்ணீரில் வெள்ளி எடுக்கிற ஆள் வருவான், அவனுக்குக் கழிந்த ஹைப்போவைக் கேனில் பிடித்து விற்றேன். கண்ணாடியைச் சாமி படக் கடையில் கேட்டார்கள். அண்டாவில் வெந்நீர் போட்டு, சலவை சோடா கரைத்து, பிளேட்டுகளை முக்கி வைத்தால் கால் மணியில் ஜெலட்டின் பாலாடை மாதிரி கழன்று வந்துவிடும். தேங்காய் நாரால் ஒரு தேய். பளிங்கு மாதிரி கண்ணாடி. ஒரு கோடை முழுக்கக் கழுவினேன், சேது பாவா சத்திரத்துக் கருவாடு மாதிரி முற்றத்தில் வரிசையாகக் காயவைத்து எண்ணி எண்ணிக் கொடுத்தேன். எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. இன்றைக்கு இந்த ஊரில் எத்தனை வீட்டு முருகனுக்கும் லட்சுமிக்கும் முன்னால் யாரோ ஒருவருடைய முகம் இருந்த கண்ணாடி நிற்கிறதோ! யாரும் என்னைத் தடுக்கவில்லை. அப்போது எல்லா ஸ்டுடியோவிலும் இதேதான் நடந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்து டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள் என்று பேரன் படித்துக் காட்டியபோது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு பிளேட் கிடைத்தது. உறையில் அப்பா எழுதியிருப்பது "லென்ஸ் டெஸ்ட்", அவ்வளவுதான். புது லென்ஸ் வாங்கினதும் மாடி ஜன்னலில் ஸ்டாண்டு போட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரு தலைகீழாகத் தெரிந்திருக்கும்.

மேல வீதி அகலமாகக் கிடக்கிறது. வைக்கோல் ஏற்றின ஒரு வண்டி. ஒரு நாய் நகர்ந்துவிட்டது, அதற்கு ரெண்டு தலை. குரங்குப் பெடல் போடுகிற ஒரு பையன், முகம் கலங்கியிருக்கிறது. நீயா என்று கேட்காதே, நீ அப்போதே சீட்டில் உட்கார்ந்துதான் ஓட்டினாய். தேர் எங்கே என்று பேரன் கேட்டான். பெரிய கோயில் தேர் 2015-ல்தானே திரும்ப ஓடியது, சுமார் நூறு வருஷம் கழித்து? நாம் வளர்ந்ததெல்லாம் தேர் ஓடாத தேரோடும் வீதியில்தான்.

இடது ஓரத்தில் காபி கிளப். பலகையை லென்ஸ் வைத்துப் படித்தேன். "காபி 2 அணா." நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி, ஆகவே படம் அதை ஒட்டியோ முன்னாலோதான். அணாவுக்கு மேலே, பெரிய எழுத்தில், "பிராமணாள்." அந்தக் கடையில் நீ உள்ளே உட்கார்ந்து டபரா செட்டில் குடித்திருக்கிறாய். நானும் அப்பாவும் வாசல் பெஞ்சு. எழுபது வருஷச் சிநேகத்தில் இதைப் பற்றி நீயும் பேசினதில்லை, நானும் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. பழைய தஞ்சாவூர் என்ன அழகு என்று எல்லாரும் உருகுகிறார்கள். அப்பா ஃபோகஸ் பார்த்தது எதிர்வீட்டுத் தூணை. பலகை தானாக வந்து விழுந்திருக்கிறது. அந்தச் சொல்லை இந்தப் பிளேட் பத்திரமாக வைத்திருக்கிறது என்று உனக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

அந்த எதிர்வீடு உங்கள் வீடுதான். தூண், திண்ணை, கம்பி அழி எல்லாம் ஊசி முனை மாதிரி இருக்கிறது, லென்ஸ் நல்ல லென்ஸ். திண்ணை மூலையில் சுவரோடு சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முதலில் மூட்டை என்று நினைத்தேன். பெரிதாக்கினால் நார்மடிப் புடவை, மழித்த தலையில் முக்காடு. மடியில் ஏதோ கீரை ஆய்கிறார்.

உங்கள் அத்தைப்பாட்டி.

உன் வீட்டுக் கல்யாணப் படங்கள் அத்தனையும் அப்பா எடுத்ததுதான். உங்கள் அக்கா கல்யாண குரூப் போட்டோவில் நாற்பத்து மூன்று பேர், இப்போதும் என்னிடம் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். அதில் அவர் இல்லை. எதிலும் இல்லை. கேமரா வந்தால் அவர் கொல்லைப்புறம் போய்விடுவார். போ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வடுமாங்காய் தருவாரே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குக் கையில் வைப்பார். எனக்கு ஒரு முழம் மேலே இருந்து போடுவார், மடி ஆசாரம். ஆனால் எனக்குத்தான் ரெண்டு.

சேதி இதுதான், நெட்டை. இந்தப் படத்துக்குப் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன், இங்கே ஒரு பையன் நல்ல மேட் பேப்பரில் போட்டுத் தருகிறான். பிளேட்டுக்குப் புது உறையும் தைத்துவிட்டேன். ஆசிட் இல்லாத காகிதம், திருச்சியிலிருந்து வரவழைத்தது. உறைமேல் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனா மை ஊறும், பால் பாயிண்ட் அழுத்தும். மேல வீதி, லென்ஸ் டெஸ்ட், 1957-க்கு முன், காபி கிளப், வைக்கோல் வண்டி, இன்னார் வீடு, திண்ணையில், என்று எழுதி அதற்கு மேல் ஓடவில்லை.

அத்தைப்பாட்டி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். அவர் பெயர் என்ன? உனக்குத் தெரியாவிட்டால் சிதம்பரத்தில் இருக்கிற உன் அக்காவைக் கேள். சீக்கிரம் கேள், அவருக்கும் எண்பத்தைந்து ஆகிறது. அந்த வரியில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உன்
ஸ்டுடியோ