சூப்பர் ஹீரோ படங்களின் தரமும் ஸ்டூடியோ பெயரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், சூப்பர் ஹீரோ படங்களை ஸ்டூடியோ வாரியாக ஒப்பிட்டு வெளியான கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கப் படக்கதை நிறுவனங்களான மார்வல், டிசி இரண்டில், மார்வல் படங்கள் பளபளப்பானவை, ஆகவே மேலோட்டமானவை என்றும், டிசி படங்கள் இருண்டவை, ஆகவே தரமானவை என்றும் கட்டுரையாளர் பிரித்துக் காட்டியிருந்தார். திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்தப் பிரிவினை ஏற்புடையதாகப் படவில்லை.

2008ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். டிசியின் பேட்மேனை வைத்து வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'தி டார்க் நைட்' படத்தில் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனும் ஒளிப்பதிவாளர் வாலி ஃபிஸ்டரும் ஏறத்தாழ அரை மணி நேரக் காட்சிகளை, மிகப் பெரிய திரைக்கான ஐமேக்ஸ் கேமராவில் பதிவு செய்தார்கள். சிகாகோவின் லாசால் தெருவில் உண்மையான கனரக லாரி ஒன்றையே குட்டிக்கரணம் அடிக்க வைத்தார்கள். மார்வல் ஸ்டூடியோஸ் சொந்தமாகத் தயாரித்த முதல் படமான 'ஐயன் மேன்' அதே ஆண்டில் வந்தது. அதற்காக ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில் கையால் தொடக்கூடிய கவசங்களையே செய்தார்கள். இரண்டு படங்களுமே காட்சி விளைவுகளுக்கான (விஷுவல் எஃபெக்ட்ஸ்) ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றன. ஒன்று இரவின் படம், மற்றொன்று பகலின் படம். இரண்டிலும் திரையில் தெரியும் பொருளுக்கு எடை இருக்கிறது, அதன் மேல் விழும் வெளிச்சத்திற்கு ஒரு திசை இருக்கிறது. நான் தரம் என்று சொல்வது இதைத்தான்.

அதே மார்வல் 2016இல் தந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தின் விமான நிலையச் சண்டையைப் பாருங்கள். பின்னணியின் பெரும்பகுதி கணினியில் உருவாக்கப்பட்டது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், பட்டப்பகலில் வெட்டவெளியில் நடக்கும் அந்தச் சண்டையில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல முடிகிறதா? சிவப்பும் நீலமும் கறுப்புமாக இத்தனை உடைகள் இருந்தும் எல்லாம் சாம்பல் பூத்துத் தெரிகின்றன. பின்னால் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள வசதியாக, எங்கும் ஒரே சீராக வெளிச்சத்தைப் பரப்பிவிட்டால் நேரும் விளைவு இது.

சரி, இது மார்வலுக்கே உரிய நோய் என்றால் 2023ஐ எப்படி விளக்குவது? அந்த ஆண்டு மார்வலிலிருந்து 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி'யின் மூன்றாம் பாகமும், டிசி தரப்பிலிருந்து 'தி ஃபிளாஷ்' படமும் வெளிவந்தன. இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, ஹென்றி பிரஹாம். முன்னதில் ஒரு விலங்கின் மயிர்க்கால்கூட உயிரோடு அசைகிறது. பின்னதில் வரும் மனித முகங்கள் பல இடங்களில் மெழுகுப் பொம்மைகள் போல் உறைந்து கிடக்கின்றன. கண் ஒன்று, கைத்திறன் ஒன்று, பலன் மட்டும் இரண்டு. பிரஹாமே 2025இல் ஜேம்ஸ் கன் இயக்கத்தில் டிசியின் 'சூப்பர்மேன்' படத்தை எடுத்தபோது, கட்டுரையாளர் டிசிக்கே உரியது என்று சொல்லும் அந்த இருட்டு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்றால், எந்தக் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று இயக்குநர் முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறாரா, அந்த முடிவில் கடைசி வரை நிற்கிறாரா என்பதிலிருந்துதான் வருகிறது என்பது என் உறுதியான கருத்து.

கட்டுரையாளர் சோனியை ஒரே வரியில் கடந்து சென்றது எனக்கு உண்மையிலேயே வருத்தம் அளித்தது. சோனியிலிருந்து 2018இல் வெளிவந்து, சிறந்த அனிமேஷன் படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' இந்தப் பேச்சின் நடுவில் வைக்கப்பட வேண்டிய படம். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். புதிதாகச் சக்தி பெற்ற சிறுவன் மைல்ஸின் அசைவுகளுக்கு, ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டகங்களுக்கு அப்படியே நிறுத்தி, நொடிக்கு 12 நிலைகள் மட்டுமே கொடுத்தார்கள். காட்டில் அவனோடு வலைவீசித் தாவும் அனுபவசாலியான மூத்த ஸ்பைடர்மேன் பீட்டருக்கோ முழு 24. ஒரே காட்சியில் ஒருவர் வழுக்கிக்கொண்டு போக, மற்றவன் தட்டுத்தடுமாறித் தொடர்கிறான். தொழில் தெரிந்தவருக்கும் தெரியாதவனுக்கும் உள்ள இடைவெளியை, ஒரு வார்த்தை வசனமும் இல்லாமல் நம் கண் உணர்ந்துகொள்கிறது. பழைய படக்கதைப் புத்தகங்களின் அச்சுப் புள்ளிகளையும், வண்ணம் சற்றே விலகி அச்சான பிசிறையும் வேண்டுமென்றே திரைக்குக் கொண்டு வந்தார்கள். இவை எவையும் கடைசி நேரத்தில் ஒட்டவைக்கக் கூடியவை அல்ல.

பணம் கொட்டினால் எல்லாம் வந்துவிடும் என்பாருக்கு ஜப்பானின் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' பதில் சொல்லும். அது சூப்பர் ஹீரோ படமன்று. ஆயினும் 2024 ஆஸ்கர் விழாவில், நான் மேலே புகழ்ந்த 'கார்டியன்ஸ்' படத்தைப் பின்தள்ளி, காட்சி விளைவுகளுக்கான விருதை வென்றது அதுதான். ஏறத்தாழ 35 கலைஞர்கள் 610 காட்சித் துண்டுகளை முடித்தார்கள். இயக்குநர் தகாஷி யமாசாகியே காட்சி விளைவுகளுக்கும் பொறுப்பேற்றிருந்ததால், கேள்வி எழுந்த இடத்திலேயே பதில் கிடைத்தது. மறுபுறம், மார்வலின் காட்சி விளைவுக் கலைஞர்கள் பணிச்சுமையையும் ஓயாத மாற்றங்களையும் பற்றிப் பொதுவில் பேசத் தொடங்கி, 2023 செப்டம்பரில் தொழிற்சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள். தோட்டத் தொழிலாளர் பரம்பரையில் வந்த மலேசியத் தமிழர்களான நமக்கு, அந்த வாக்கின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. எங்கள் ஊர் இளைஞர்கள் ஈப்போவுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, கைத்தொலைபேசியிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். செம்பனை வரிசைக்குள் உச்சி வெயிலில், ஓலை இடுக்கு வழியே முகத்தில் திட்டுத் திட்டாக வெளிச்சம் விழும்போது எடுத்துவிட்டு, பிறகு கரும்நீல வண்ணத்தை மேலே பூசி, "டிசி மாதிரி வந்திருக்கிறதா அண்ணே?" என்று என்னிடம் காட்டுகிறார்கள். மூக்கின் கீழ் நண்பகல் நிழல் கறுப்பாக நிற்க, வானம் மட்டும் நள்ளிரவாக இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு மேல் அதே வரிசையில் சாய்வாக வரும் வெயிலுக்குக் காத்திருந்தால் எந்தப் பூச்சும் தேவையில்லை என்று சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால், இருட்டே தரம் என்று பத்திரிகையும் எழுதினால், என் பேச்சு எடுபடுமா?

ஆகவே, தங்கள் சினிமாப் பக்கத்தில் இனி வரும் விமர்சனங்களில், வசூல் கணக்கோடு ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், காட்சி விளைவு மேற்பார்வையாளர் ஆகியோரின் பெயர்களையும் வெளியிட்டு, ஒரு காட்சியையாவது எடுத்துக்கொண்டு அது எப்படிப் படமாக்கப்பட்டது என்று விளக்கி எழுதுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருமணப் படப்பிடிப்பாளர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.