யூ.எஸ்.பி. கேபிள்களின் நாதம்: எது மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் கேட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டில் இசை கேட்பவர்களுக்காக விலை உயர்ந்த நான்கு யூ.எஸ்.பி. கேபிள்களை ஒப்பிட்டு வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒன்றில் வயலின் இழைந்து வருகிறது, இன்னொன்றில் மிருதங்கத்தின் தொப்பி கனத்து ஒலிக்கிறது, மூன்றாவதில் பாடகர் முன்னால் வந்து அமர்கிறார் என்றெல்லாம் எழுதியவர், கேபிள்களை எப்படி மாற்றி மாற்றிக் கேட்டார், கேட்கும்போது எது மாட்டியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமா என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. தொலைத்தொடர்புத் துறையில் கம்பிகளைச் சோதித்தே ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இதே விஷயத்தில் பணம் போன குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில், லேப்டாப்பிலிருந்து டாக் (டி.ஏ.சி., அதாவது கணினி அனுப்பும் எண்களை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் கருவி) வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு என் மகன் கச்சேரிப் பதிவுகளை வைத்தபோது, அடியில் ஓர் இரைச்சல் விடாமல் கேட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் அது உறுமியது. ஒரு கட்டை ஸ்ருதியில் பாடிய கச்சேரியில் தம்புராவின் மந்தரப் பஞ்சமம் ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸில் நிற்கும். இரண்டும் சேர்ந்தால் வினாடிக்கு இரண்டு முறை ஓர் அலை எழுந்து அடங்கும். ஆலாபனையில் பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் அந்த அலைதான் காதில் விழுந்தது. நகரின் கடை ஒன்றில் கேட்டதற்கு, கேபிள்தான் காரணம் என்று சொல்லி, வெள்ளி முலாம் பூசிய ஒன்றை 18,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இரைச்சல் இம்மியும் குறையவில்லை. திரும்பப் போய்ச் சொன்னபோது, ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுங்கள் என்றார்கள். உள்ளே ஒரு கம்பி விட்டுப்போய் மேல்தகட்டைத் தொட்டால், எர்த் இல்லாத பெட்டியில் கை வைப்பவரின் உயிரே போகும். இப்படி ஒரு யோசனையை வாடிக்கையாளரிடம் சொன்னதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

காரணம் வேறு இடத்தில் இருந்தது. லேப்டாப் சார்ஜர் அறையின் ஒரு மூலையிலும் ஆம்ப்ளிஃபயர் எதிர்மூலையிலும் எர்த் ஆகியிருந்தன; யூ.எஸ்.பி. கேபிளின் நான்கு கம்பிகளில் ஒன்றான கிரவுண்ட் கம்பி அந்த இரண்டு எர்த்தையும் இணைத்து ஒரு வளையத்தை உண்டாக்கியது. சார்ஜரைப் பிடுங்கிய அந்தக் கணமே இரைச்சல் நின்றது. இப்போது இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டியிருக்கிறோம். அப்படியும் போகாத வீடுகளில் இரு பக்கங்களின் மின் தொடர்பை அறுத்து, தகவலை மட்டும் கடத்தும் யூ.எஸ்.பி. ஐசொலேட்டர் என்ற சிறு கருவி உதவும்; ஆனால் மலிவானவற்றில் பல வினாடிக்கு 12 மெகாபிட் (ஒரு மெகாபிட் என்பது பத்து லட்சம் பிட்) வேகம் வரை மட்டுமே வேலை செய்யும் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

கட்டுரையின் மையமான கருத்துக்கு வருகிறேன். சி.டி. தரத்தில் உள்ள ஸ்டீரியோ இசைக்கு வினாடிக்கு 14 லட்சத்துச் சொச்சம் பிட்டுகள் போதும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பதிவுக்கும் 9.2 மெகாபிட்தான். 2000-ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0-இன் வேகம் 480 மெகாபிட். இசையைக் கொண்டு செல்லும்போது, கோப்பை நகலெடுப்பதைப் போல அல்லாமல், பழுதான தகவல் பொட்டலம் மறுபடி அனுப்பப்படுவதில்லை என்று கேபிள் ஆதரவாளர்கள் சொல்வது உண்மையே. ஆனால் ஒரு பொட்டலம் பழுதானால் 'டப்' என்ற சத்தமோ சிறு இடைவெளியோதான் கேட்கும். வயலினின் இனிமை மட்டும் குறைந்து மற்றதெல்லாம் சரியாக வர வழியில்லை. மேலும், இன்றைய டாக்குகளில் பெரும்பாலானவை தம் சொந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எவ்வளவு வேகமாக அனுப்ப வேண்டும் என்று கணினிக்கே சொல்கின்றன. ஆகவே கேபிளில் ஏற்படும் நேரத் தடுமாற்றம் ஒலியாக மாறும் இடம் வரை போவதில்லை. ஐந்து மீட்டரைத் தாண்டிய கேபிள், தளர்ந்த பிளக், சுமாராக வடிவமைத்த டாக்கினுள் 5 வோல்ட் கம்பி வழியாக நுழையும் மின் இரைச்சல் ஆகியவை உண்மையான தொல்லைகள்தாம். அவற்றைக் கருவி வைத்து அளந்து காட்ட முடியும்.

கடைசியில் வீட்டிலேயே சோதித்தோம். எஸ்.பி. ரோட்டில் 200 ரூபாய்க்கு வாங்கிய, பிரிண்டருக்குப் போடும் சதுரத் தலை கேபிள் ஒன்று. 18,000 ரூபாய்க் கேபிள் மற்றொன்று. மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மருமகள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று, காசைச் சுண்டி, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றொன்று என்று மாட்டினாள். அதே கேபிளே மறுபடி வந்தாலும் ஒருமுறை கழற்றித்தான் மாட்டினாள், இல்லாவிட்டால் கழற்றி மாட்டும் சத்தத்தை வைத்தே ஊகித்துவிடலாம். கணினி டாக்கை மீண்டும் கண்டுகொள்ளும் வரை காத்திருந்து, அதே ஒரு நிமிட ஆலாபனையை, ஒலியளவைத் தொடாமல் பதினாறு முறை வைத்தோம். ஒன்பது முறை சரியாகச் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா சொன்னாலே எட்டு வரும். பன்னிரண்டோ அதற்கு மேலோ ஊகத்தால் வர நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்புதான். அதற்கு முந்தைய வாரம், கேபிளைப் பார்த்தபடி கேட்டபோது, எனக்கே புதியதில் தம்புரா தெளிவாக ஒலித்ததாகத் தோன்றியது. அது பொய்யல்ல, அப்படித்தான் கேட்டேன். ஆனால் அது கேபிளிலிருந்து வரவில்லை.

எனவே, இத்தகைய ஒப்பீடுகளை வெளியிடும்போது, கேட்டவருக்குத் தெரியாமல் மாற்றப்பட்டதா, எத்தனை முறை, எத்தனை சரி என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் இளைஞர்கள் தங்கள் பத்திரிகையை நம்பித்தான் வாங்குகிறார்கள். கட்டுரையாசிரியர் விரும்பினால் ஒரு ஞாயிறு காலையில் எங்கள் வீட்டுக்கு வரலாம். இரண்டு கேபிள்களும் பத்திரமாக இருக்கின்றன, மாட்டிக் கொடுக்க மருமகளும் சம்மதித்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைத்தொடர்பு ஊழியர்,
அல்சூர், பெங்களூரு.