பேட்டரி இல்லாத சோலார்: தணிகாசலத்துக்கு ஒரு கடிதம்

தண்டையார்பேட்டை,
சென்னை.

அன்புள்ள தணிகாசலத்துக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கரும்பை விட்டுவிட்டு மணிலாக்கொட்டைக்கும் கத்தரிக்கும் மாறிவிட்டாய் என்பதையும், தங்கச்சிக்கு முழங்கால் வலி இப்போது தேவலாம் என்பதையும் படித்து மனம் நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். மருமகள் மாடியில் நடத்தும் தையல் வேலையும் குறைவில்லாமல் போகிறது, எம்.சி. ரோடு கடைகளிலிருந்து நைட்டியும் இன்ஸ்கர்ட்டும் வெட்டிய துணியாக வருகின்றன, தைத்து, ஓவர்லாக் அடித்து, டஜன் டஜனாகத் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த மாடியைப் பற்றி உன் மைத்துனர் வந்து சொல்லித்தான் நீ இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன்: ஈ.பி. லைனும் இல்லாமல், பேட்டரியும் இல்லாமல், பகலில் மட்டும் சோலாரிலேயே கிணற்று மோட்டாரையும் வீட்டுச் சாமான்களையும் ஓட்ட முடியுமா?

முடியும். ஆனால் மோட்டாருக்கு நான் சொல்லும் பதில் வேறு, வீட்டுச் சாமான்களுக்குச் சொல்லும் பதில் வேறு. எதை ஓட்டப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப பேனலைப் பற்றி யோசிக்க வேண்டும். கடைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கிறது.

நீயும் நானும் ரயில் பெட்டிப் பட்டறையான கேரேஜ் ஒர்க்ஸில் ட்ரெய்ன் லைட்டிங், அதாவது பெட்டிகளின் விளக்கு விசிறி வேலை, பார்த்தவர்கள் என்பதால் உனக்குச் சுருக்கமாகச் சொன்னாலே விளங்கும். வண்டி ஓடும்போது அச்சோடு சுற்றும் ஆல்டர்னேட்டர் 110 வோல்ட் டி.சி.யை (ஒரே திசையில் ஓடும் கரண்டை) கொடுக்கும், வண்டி நின்றால் பெட்டிக்கு அடியில் இருக்கும் பேட்டரி விளக்கையும் விசிறியையும் தாங்கும். அந்தப் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை ஓட்டினால், ஸ்டேஷன் வரும்போதெல்லாம் என்ன நடக்குமோ அதுதான் மேகம் வரும்போதெல்லாம் பேட்டரி இல்லாத சோலாரில் நடக்கிறது. பேட்டரி என்றால் இரவுக்குச் சேர்த்து வைப்பது என்றுதான் எல்லோரும் எண்ணுகிறார்கள். அது பகலில் செய்யும் வேலை, அதாவது மோட்டார் கிளம்பும் ஒரு நொடியில் தேவைப்படும் கூடுதல் ஆம்பியரைக் கொடுத்து வோல்டேஜ் விழாமல் பிடித்து வைப்பது, யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

பேனலின் குணம் அப்படிப்பட்டது. வெயில் பாதியானால் ஆம்பியர் பாதியாகும். வோல்டேஜ் பெரிதாக மாறாது. ஆனால் அந்த நேரத்து வெயிலுக்கு அது தரக்கூடிய ஆம்பியரைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துப் பார், வோல்டேஜ் மளமளவென்று சரிந்து எல்லாம் நின்றுவிடும். சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும்போது ஐந்து முதல் ஏழு மடங்கு ஆம்பியர் கேட்கிறது. ஆகவே 200 வாட் ஃபிரிட்ஜை 540 வாட் பேனல் ஓட்டிவிடும் என்று காகிதத்தில் கணக்குப் போடலாம், கம்ப்ரஸர் கிளம்பவே கிளம்பாது.

எங்கள் மாடியில் 540 வாட் பேனல்கள் ஆறு, எல்லாம் சீரீஸில், அதாவது வோல்டேஜ் கூடும்படி ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றும் லோடில் ஏறத்தாழ 41 வோல்ட், லோடு இல்லாதபோது 49 வோல்ட். ஆகவே வரிசைக்கு 246, திறந்த நிலையில் 294. பேட்டரி இல்லாமலே பேனலிலிருந்து நேராக 230 வோல்ட் ஏ.சி., அதாவது ஈ.பி. லைனில் வரும் வகைக் கரண்ட், தரக்கூடிய இன்வெர்ட்டர்கள் இப்போது கிடைக்கின்றன, அதில் ஒன்றை மாட்டியிருக்கிறோம். எல்லா இன்வெர்ட்டரும் அப்படி ஓடாது. வாங்கும்போதே கடையில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பேனல் 3,240 வாட் என்றாலும் மிஷின்கள், ட்யூப் லைட்டுகள், ஃபேன்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவாட்டைத் தாண்டுவது அரிது. மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பயன்படுத்துகிறோம், மீதி வீண்தானே என்று மகன் கேட்பான். அந்த மீதிதான் பேட்டரி வைக்காததற்கு நாம் கொடுக்கும் விலை. மெல்லிய மேகம் கடக்கும்போது வேலை நிற்காமல் காப்பது அதுதான். பேனலின் விலை இறங்கிவிட்ட இந்தக் காலத்தில், நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுவதையும் மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதையும் விட இது எனக்கு மலிவாகவே தோன்றுகிறது.

மிஷின்களில் பழைய கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டு சர்வோ மோட்டார் போட்டோம். கிளட்ச் மோட்டார் தைத்தாலும் தைக்காவிட்டாலும் காலை முதல் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ பெடலை மிதித்தால் மட்டும் சுற்றும், கிளம்பும்போது அதிர்ச்சியும் இல்லை. சோலார் போடாவிட்டாலும் செய்ய வேண்டிய மாற்றம் அது. கருமேகம் திடீரென்று வந்தால் இன்வெர்ட்டர் நின்றுதான் போகும். ஊசி துணிக்குள் இறங்கிய நிலையில் மிஷின் நிற்கும், பெண்கள் கைச்சக்கரத்தைத் திருப்பி ஊசியை மேலே எடுத்துவிட்டு நூல் பிசிறு நறுக்க உட்கார்ந்துவிடுவார்கள். வெயில் திரும்பினால் இன்வெர்ட்டர் தானாகவே கிளம்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேனல் தன் திறனில் பத்தில் ஒரு பங்குக்குக்கூட இறங்கிவிடும் என்பதால், அப்போது சேஞ்ச் ஓவர் ஸ்விட்சைத் திருப்பி ஈ.பி.யில் தைக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் சோலார் பக்கம் சேர்க்கவே இல்லை. அதன் தெர்மோஸ்டாட் (சூடு ஏறினால் அணைத்து, ஆறினால் மீண்டும் போடும் ஸ்விட்ச்) நினைத்தபோதெல்லாம் 1,000 வாட்டை இழுத்து விடும், வெயில் மங்கிய நேரமானால் கூடவே நாலு மிஷினையும் நிறுத்தும்.

ஈ.பி.யோடு இணைத்து, மீட்டர் போட்டு, மானியம் வாங்கியிருக்கலாமே என்று நீ கேட்பாய். 2024இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு, ஆனால் ஈ.பி. லைனோடு இணைத்த அமைப்புக்கு மட்டும்தான். எங்கள் வீட்டு இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது; அண்ணன் தம்பி நால்வரும் கையெழுத்துப் போட்டுப் பெயர் மாற்றி முடிப்பதற்குள் பேனல் பழசாகிவிடும். அது ஒரு காரணம். இன்னொன்று உனக்குப் புரியும்: ஈ.பி.யோடு இணைந்த இன்வெர்ட்டர், ஈ.பி. கரண்ட் போனதும் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் மாடியிலிருந்து லைனுக்குக் கரண்ட் போய்விடக் கூடாது அல்லவா? நியாயமான விதிதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இங்கே கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, மழை விட்டு வெயில் அடித்த பின்னும் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி நிறையப் பேனல் சும்மா இருந்ததைப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரருக்கு இது முன்பே தெரிந்திருக்கவில்லை, பாவம்.

இனி உன் கிணறு. பேட்டரி இல்லாத சோலாருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. வெயில் காய்கிற நாளில்தான் பயிர் தண்ணீர் கேட்கிறது, தொட்டியில் ஏற்றிய தண்ணீர் இரவிலும் அப்படியே இருக்கிறது. 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் தனி சோலார் பம்புகளும் பேட்டரி இல்லாதவைதான். நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் கொடுக்கிறார்கள். இலவச மின் இணைப்புக்கு வரிசையில் காத்திருக்கும் நீ முதலில் அங்கே போய் விசாரி. அது கைகூடாவிட்டால்தான் நாமே செய்துகொள்ளும் வழி.

நாமே செய்வதென்றால் மோட்டாரின் வேகத்தை ஏற்றி இறக்கும் வி.எஃப்.டி. டிரைவ் வேண்டும், அதிலும் சோலாருக்கென்றே வருவது. அது மோட்டாரை முழு வேகமான 50 ஹெர்ட்ஸில் சடாரென்று கிளப்பாமல் சிறுகச் சிறுக ஏற்றும். மேகம் வந்தால் ஹெர்ட்ஸைக் குறைத்து வெயில் தரும் அளவுக்கே ஓட்டும். பம்பின் கணக்கு நமக்குச் சாதகமானது. வேகத்துக்கு நேராகத் தண்ணீர் குறையும், தேவைப்படும் வாட்டோ வேகத்தின் மும்மடிக்குக் குறையும். 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் (0.8 × 0.8 × 0.8) ஏறத்தாழ பாதி வாட் போதும். ஆனால் தண்ணீரை உயர்த்தும் திறன் வேகத்தின் இருமடிக்குக் குறைந்து (0.8 × 0.8) 64 சதவீதத்துக்கு வந்துவிடும் என்பதை மறக்காதே. கோடையில் கிணற்று மட்டம் இறங்கியிருக்கும் நேரத்தில் 40 ஹெர்ட்ஸில் மோட்டார் சுற்றும், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. ரிப்பேர் என்று பயந்து மோட்டாரை மேலே தூக்கிவிடாதே.

பேனல் ஒரு எச்.பி.க்கு (குதிரைத்திறனுக்கு) குறைந்தது 1,000 வாட் என்று வைத்துக்கொள். சிக்கல் வாட்டில் இல்லை, வோல்டேஜில் இருக்கிறது. 415 வோல்ட் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்ட டிரைவுக்கு 550 வோல்ட்டுக்குமேல் டி.சி. வேண்டும், அதற்குப் பதினான்கு பேனலாவது சீரீஸில் நிற்க வேண்டும். 3 எச்.பி.க்கு அத்தனை பேனல் அநாவசியம். உன் மோட்டாரின் மூன்று சுருள்களும் ஸ்டாரில் (ஒரு பக்க முனைகள் ஒன்றாகச் சேரும்படி) கட்டியதாக இருந்து ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால், அதைக் குறைந்த வோல்டேஜில் ஓடும் டெல்டாவுக்கு (முக்கோணக் கட்டுக்கு) மாற்றி, 220 வோல்ட் வகை டிரைவில் எட்டுப் பேனலோடு முடித்துக்கொள்ளலாம். திறந்த நிலை வோல்டேஜின் கூட்டுத்தொகை டிரைவின் மேல் வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள். மார்கழிக் காலைக் குளிரில் அது இன்னும் கொஞ்சம் ஏறும்.

குளிக்க வெந்நீருக்கு கெய்சர் காயிலை நேராகப் பேனலில் மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறாய். மாட்டலாம், ஆனால் உச்சி வெயிலுக்குப் பொருந்தும்படி எடுத்த காயில், வெயில் பாதியானால் பாதியல்ல, கால் பங்கு சூடுதான் கொடுக்கும். அதைவிட முக்கியம் தெர்மோஸ்டாட். ஏ.சி. விநாடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போவதால் ஸ்விட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணைகிறது, டி.சி.யில் அந்தப் பொறி நின்று எரிந்து காண்டாக்டையே உருக்கி ஒட்டவைத்துவிடும். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். நீ பழைய காண்டாக்டர் ஸ்விட்சுகளில் பார்க்காததா? பேனல் பக்கம் டி.சி.க்கென்றே வரும் எம்.சி.பி.யை (கரண்ட் மிகுந்தால் தானே அணையும் ஸ்விட்சை) தவிர வேறு எதையும் போடாதே, லோடு இருக்கும்போது பேனலின் கனெக்டரைப் பிடுங்காதே. வெந்நீருக்கு விறகோ வேறு எதுவோ இருக்கட்டும். என் அபிப்பிராயம் அவ்வளவுதான்.

மாட்டுக் கொட்டகைக்கு மட்டும் ஒன்று செய்யலாம். 36 செல் சிறு பேனல் ஒன்றும், 24 வோல்ட் வரை தாங்கும் டி.சி. ஃபேன் ஒன்றும் போதும். வேறு எந்தச் சாமானும் வேண்டாம். வெயில் ஏற ஏற ஃபேனும் வேகம் பிடிக்கும், மாட்டுக்குக் காற்று தேவைப்படுவதும் அப்போதுதானே.

எங்கள் பக்கத்துத் தொல்லைகள் உனக்கு இல்லை. எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலும் லாரித் தூசியும் கடல் உப்போடு சேர்ந்து கண்ணாடியில் ஈரப்பசையாகப் படிகின்றன; விரலால் இழுத்தால் கறுப்பாகக் கோடு விழும். விடிந்ததும், கண்ணாடி சூடாவதற்கு முன், நல்ல தண்ணீரில் துடைத்துவிடுகிறேன். கறுப்பு இரும்பு ஸ்டாண்டை உப்புக் காற்று தின்றுவிடும் என்பதால் துத்தநாகப் பூச்சுப் போட்டதையும், ஸ்டெயின்லெஸ் போல்ட்டையும் வாங்கினோம். 2016இல் வர்தா புயலைப் பார்த்தவர்கள் என்பதால் ஸ்டாண்டின் கால்களைத் தளத்துக் கான்கிரீட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. வெயிலில் பேனலின் செல் 60 டிகிரியைத் தாண்டி, பத்துப் பன்னிரண்டு சதவீதம் வாட் குறையும். மதியம் கடற்காற்று எழுந்தால் கொஞ்சம் மீளும். உன் ஊரில் அந்தக் காற்று இல்லை, ஆகவே ஒரு பேனல் கூடுதலாகவே போடு.

மோட்டாரின் நேம் பிளேட்டில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்பு. ஸ்டாரா டெல்டாவா, டெர்மினல் பெட்டியில் எத்தனை முனை என்பதையும் பார்த்துச் சொல். கிணற்று மட்டம் சித்திரையில் எத்தனை அடிக்கு இறங்கும், தொட்டி அதற்குமேல் எத்தனை அடி உயரம் என்பதும் வேண்டும். அவை வந்தால் டிரைவ் எது என்று முடிவு செய்துவிடலாம். நான் சொல்லும் வரை பேனலுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
ஏகாம்பரம்