செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

நம் குடியிருப்போர் சங்கப் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாரச் சொல்லி இரண்டு மனு கொடுத்ததில், ஒரு தெருவில் வேலை முடிந்தது.

படிப்பகக் கணினிக்குப் பெரிய மானிட்டர் வாங்கிய விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "ஒரு மானிட்டர் வாங்க ஐந்து மாதமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த ஐந்து மாதத்தில் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

நம்மிடம் இருப்பது லெனோவோவின் எம்92பி டைனி என்ற சிறு கணினி, 2012இல் வந்த மாடல். தடித்த அகராதி அளவுதான் இருக்கும். உழைக்கிற பெட்டி, அதில் குறையில்லை. குறை, அதோடு வந்த 15 இன்ச் சதுர மானிட்டரில். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த பழைய புத்தகம் ஒன்றைத் திறந்தால், முழுப்பக்கமும் தெரியும்போது எழுத்து தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போய்விடும். படிப்பகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள்.

32 இன்ச் டிவி வாங்கிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பரிசோதிக்காமல் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. திரையை இணைக்க டைனியில் விஜிஏ வாய் ஒன்றும் டிஸ்ப்ளே போர்ட் வாய் ஒன்றும் உண்டு, டிவி கேட்கிற எச்டிஎம்ஐ வாய் கிடையாது. டிவியில் போட மாற்றுக் கேபிள் வேண்டும். முதலில் வாங்கியது எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் போகிற வகை. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். இரண்டு முனையும் பொருந்தும், ஆனால் படம் வராது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அந்த 450 ரூபாய் என் சொந்தப் பணம், சங்கக் கணக்கில் ஏற்றவில்லை.

சரியான கேபிள் கிடைத்ததும் பெட்டியைத் துணிப்பையில் போட்டு, அதே அளவு டிவி இருக்கும் பொருளாளர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். டிவியில் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, கீழே இருக்கும் டாஸ்க்பார் பாதி மறைந்தது. அதை செட்டிங்கில் சரிசெய்துவிட்டோம். எழுத்தைத்தான் சரிசெய்ய முடியவில்லை. அந்த டிவியின் படம் அகலத்தில் 1366, உயரத்தில் 768 புள்ளிகளால் ஆனது. அத்தனை பெரிய திரையில் பரப்பினால் இன்ச்சுக்கு 49 புள்ளிதான் வரும். நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிற தூரத்தில் 'ன'வுக்கு மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பொருளாளர் இருமுறை எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். சினிமா பார்க்க நல்ல டிவி, படிக்க உதவாது.

புதிய மானிட்டர் குழு அனுமதித்த 5,000 ரூபாய்க்குள் வரவில்லை. அதனால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு மூன்று முறை போனேன். கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் யு2412எம் மானிட்டர் அங்கே கிடைத்தது: 24 இன்ச், 1920 × 1200, இன்ச்சுக்கு 94 புள்ளி. டிஸ்ப்ளே போர்ட் அதிலேயே இருப்பதால் மாற்றுக் கேபிள் தேவையில்லை. முதலில் காட்டியதில் ஓரம் மஞ்சளடித்திருந்தது, வேண்டாம் என்றேன். இரண்டாவதை வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று முழுத்திரைக்கும் நிறம் மாற்றிப் போட்டு, அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். இடது கீழ் மூலையில் ஒரு புள்ளி மட்டும் செத்திருக்கிறது. 4,800 ரூபாய்க்கு முடித்தேன்.

இதன் ஸ்டாண்டில் திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பலாம். திருப்பினால் புத்தகப் பக்கம் தலை முதல் கால்வரை அப்படியே நிற்கிறது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா அன்று மதியம் உட்கார்ந்தவர், படிப்பகம் பூட்டும்வரை எழுந்திருக்கவில்லை. பையிலிருந்த பூதக்கண்ணாடியை அவர் வெளியே எடுக்கவே இல்லை. ஐந்து மாதம் எதற்கு என்று கேட்டவர்கள் ஒருநாள் மாலை வந்து அந்தத் திரையில் ஒரு பக்கம் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

கணக்குகளைத் தணிக்கையாளர் பார்த்துவிட்டார், பொருளாளர் வாசிப்பார். இருப்பு முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. 112 வீடுகளில் 41 வீட்டுச் சந்தா பாக்கி. ஆண்டுக்கு 600 ரூபாய். எட்டு வீடு கொடுத்திருந்தால் மானிட்டர் செலவு அதிலேயே அடங்கியிருக்கும். நேரில் போனபோது "அடுத்த வாரம்" என்றார்கள். நான்கு முறை போயிருக்கிறேன்.

படிப்பகத்துக்கு இடம் தந்த குடும்பத்துக்கும், கூட்டிப் பெருக்கித் திறந்து வைக்கும் அம்மாவுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நம் டைனியில் இருப்பது இன்டெல்லின் மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசஸர். விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். இப்போதைக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டலாம் என்றிருக்கிறேன். நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஐடியில் இருக்கிறார்கள். மாற்றிய பழைய சிறு கணினி யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லியனுப்புங்கள். துணிப்பையோடு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். வரும்போது சந்தா ரசீதுப் புத்தகமும் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்