பதில் எழுதியவர்கள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்முனையிலிருந்து வீரர்கள் தங்கள் காதலிகளுக்கும் மனைவிமாருக்கும் எழுதிய கடிதங்களைத் தங்கள் ஞாயிறு மலரில் தொகுத்து வெளியிட்டிருந்தீர்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கம் முழுக்கத் தேடியும் ஒரு பெண்ணின் வரிகூட இல்லை. ‘அன்பே’ என்று கூப்பிடுவதற்கு மட்டும் அவள் வேண்டியிருக்கிறது. நான் ஒரு சிப்பாயின் மனைவி. 1971 பாகிஸ்தான் போரின்போது வீட்டிலிருந்து பதில் எழுதிக்கொண்டிருந்தவள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் சிப்பாய்களுக்கு ஓர் அச்சடித்த அஞ்சல் அட்டை கொடுத்தது. ‘நலமாக இருக்கிறேன்’, ‘மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்’ என்று வரிகள் இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டியதுதான். கூடுதலாக ஏதாவது எழுதினால் அட்டை போய்ச் சேராது. அவ்வளவு கறாரான அட்டையிலும் ‘நெடுநாளாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை’ என்று ஒரு வரியை அச்சடித்து வைத்திருந்தார்கள். சிப்பாய் எதற்காக ஏங்குவான் என்று ராணுவத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அவன் எழுதியதை வீட்டில் பெட்டியில் பூட்டி வைத்தார்கள். நாங்கள் எழுதியது பதுங்குகுழியில் நனைந்தது, மூட்டை கனக்கிறதென்று எரிந்தது, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று கிழிந்தது. என் கணவரும் அப்படித்தான், ‘இடம் மாறும்போதெல்லாம் எரித்துவிட்டேன்’ என்றார். கோபித்துக்கொள்ள முடியுமா?

போய்ச் சேராமலே கிடந்தவையும் உண்டு. 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அமெரிக்க வீரர்களுக்கு வந்த கடிதங்களும் பொட்டலங்களும் கிடங்கு கிடங்காகத் தேங்கிக் கிடந்தன. ஒரு கோடியே 70 லட்சம் என்று கணக்கு. எலி கடித்த தின்பண்டப் பொட்டலங்கள் வேறு. சாரிட்டி ஆடம்ஸ் என்ற கறுப்பினப் பெண் மேஜரின் தலைமையில், பெரும்பாலும் கறுப்பினப் பெண்களைக் கொண்ட 6888ஆவது அஞ்சல் படை அதை முகவரி பார்த்துப் பிரிக்க வந்தது. ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,000 பேருக்கு மேல் இருந்தார்களாம். ‘ஜூனியர், அமெரிக்க ராணுவம்’ என்று மட்டும் முகவரி எழுதிய தாய்மாரும் இருந்தார்கள். ஆறு மாதக் கெடுவில் கொடுத்த வேலையை மூன்று ஷிப்டாக உழைத்து மூன்றே மாதத்தில் முடித்தார்கள். இதைப் பற்றி ஒரு பத்தியாவது போட்டிருக்கலாம்.

நம் நாட்டவர் கதை இன்னும் விசித்திரம். 1914 முதல் பிரான்ஸில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது. வேறொருவர் எழுதிக் கொடுப்பார், ஊரில் இன்னொருவர் படித்துச் சொல்வார். நடுவில் தணிக்கை அதிகாரி. ‘கருமிளகு தீர்ந்துவிட்டது, இப்போது செம்மிளகு போடுகிறார்கள்’ என்று ஒருவர் எழுதினார். கருமிளகு இந்தியப் படை, செம்மிளகு வெள்ளையர் படை. தணிக்கைக்காரருக்கும் அது புரிந்துவிட்டது! மூலக் கடிதங்கள் பெரும்பாலும் போய்விட்டன. தணிக்கைக்காரர்கள் ஆங்கிலத்தில் எடுத்தெழுதிய பகுதிகள்தாம் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஊரிலிருந்து போன கடிதங்களையும் அவர்கள் விடவில்லை. அப்படிப் பிரித்துப் படித்தவர்கள் புண்ணியத்தில் சில பெண்களின் குரலும் தப்பியது.

எங்கள் காலத்துக்கு வருகிறேன். முகவரியில் ஊர் கிடையாது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, பிறகு 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண், அவ்வளவுதான். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமலே எழுத வேண்டும். இன்லாண்டு கடிதத்தில் இடம் போதாமல் ஒட்டும் மடிப்பு வரைக்கும் நுணுக்கி எழுதுவேன். பிரிக்கும்போது அந்த ஓரம் கிழிந்து கடைசி வரி போய்விடுகிறது என்று அவர் சலித்துக்கொண்டதுண்டு. பின்னால் போட்டது முன்னால் போய்ச் சேரும் என்பதால் தலையில் எண் போடுவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதை அது தணிந்த பிறகுதான் எழுதுவேன். கடன்காரர் வந்து போனதை எழுதவே மாட்டேன். அவரும் குண்டு விழுந்ததை எழுதியதில்லை. ‘இங்கே குளிர் அதிகம்’ என்பதோடு சரி. இரண்டு பேரும் மறைத்ததைச் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் காலம் என்னவென்று தெரியும்.

இன்னொரு குறை. நீங்கள் வெளியிட்ட கடிதங்களில் அங்கங்கே மூன்று புள்ளி வைத்து வெட்டியிருக்கிறீர்கள். வெட்டியது என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ‘மணியார்டர் வந்ததா, கூரையைப் பிரித்து மேய்ந்தாயிற்றா, தம்பி பள்ளிக்கூடம் போகிறானா’ இப்படித்தான் இருக்கும். நாங்கள் திரும்பத் திரும்பப் படித்ததே அந்த வரிகளைத்தான் ஐயா. முத்தத்தைப் பற்றி எழுத அவருக்குக் கூச்சம். படைப்பிரிவு அதிகாரி படித்துவிட்டால்?

அடுத்த முறை கடிதங்களைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது, வீட்டிலிருந்து போனவற்றையும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கிடைத்தால் தேதி வரிசையில் அடுத்தடுத்துப் போடுங்கள், வெட்டாமல். அனுப்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை: செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அவசரத்தில் பலர் தேதி எழுதியிருக்க மாட்டார்கள். உறைமேல் இருக்கும் தபால் முத்திரையை வைத்துத்தான் வரிசைப்படுத்த முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ வீரரின் மனைவி