டிசம்பர் 26: சுனாமி நினைவுக் கூட்டம்

குடியிருப்பு உறவுகளுக்கு வணக்கம்.

டிசம்பர் 26 காலை 8 மணிக்கு மொட்டை மாடியில் சுனாமி நினைவுக் கூட்டம். நம் பிள்ளைகள் பலர் 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள். நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோர் பலியானது அவர்களுக்குத் தெரியும். நல்லவாடு தெரியாது.

புதுச்சேரிக்குப் பக்கத்து மீனவ கிராமம் அது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர், செய்தி கேட்டதும் வீட்டுக்கு போன் போட்டார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் பூட்டை உடைத்து, மீன்பிடி விவரம் சொல்லும் ஒலிபெருக்கியிலேயே "ஓடுங்க" என்று அறிவித்தார்கள். ஊரே தப்பியது. யார் உத்தரவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயம். பிள்ளைகளும் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. 7.50-க்கே வந்துவிடுங்கள். முதலில் இரண்டு நிமிட மௌனம்.
2. அன்று கடலோரத்தில் இருந்தவர்கள், நிவாரணத்துக்குப் போனவர்கள் ஐந்து நிமிடம் பேசுங்கள். சோறு பொங்கியது, லாரியில் துணி ஏற்றியது என்று சின்ன வேலையாக இருந்தாலும் சரி.
3. ஒவ்வொரு தளத்துக்கும் ஒருவர் பொறுப்பு. வெள்ளமோ தீயோ வந்தால் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக் கதவை முதலில் தட்ட வேண்டியவர் அவர்தான். இரண்டாம் தளத்துக்கு இன்னும் யாரும் இல்லை.
4. ரத்த வகையை எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம்.

அப்புறம், கீழ் வீட்டு அம்மா காலை டிபன் தருகிறார். அதனால் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று 23-ஆம் தேதி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.