கைகொடுக்கிற பஞ்சாயத்து

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம். நான் நலம். குளிர் இன்னும் முழுசாக இறங்கவில்லை, ஒரு ஸ்வெட்டரில் சமாளிக்கிறேன். வேலையில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இந்தக் கடிதம் பெரும்பாலும் அப்பாவுக்குத்தான், அம்மா பொறுத்துக்கொள்ளவும். ஆராதனையில் சமாதானம் கூறுகிறோம் என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுக்கிறோமே, அது வெள்ளைக்காரன் பழக்கம் என்று அப்பா சபைக் கமிட்டியில் சொல்லிவருகிற அந்தப் பஞ்சாயத்து பற்றித்தான்.

நான் இருக்கிற இடத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பழைய செமினரி, அதாவது இறையியல் கல்லூரி, இருக்கிறது. அக்டோபரில் சில சாயங்காலங்கள் அங்கே பொதுச் சொற்பொழிவு நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். டிக்கெட் கிடையாது, எந்தச் சபை என்று கேட்பதும் கிடையாது. எப்போதோ ஒரு நல்ல மனுஷர் எழுதிவைத்த பணத்திலிருந்து இதை நடத்துகிறார்களாம். அமெரிக்கச் செமினரிகளில் இது பழைய வழக்கம். பிரின்ஸ்டன் செமினரியில் இப்படி ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குத்தான் 1898இல் ஹாலந்திலிருந்து ஆபிரகாம் கைப்பர் என்கிற இறையியலாளர் வந்து, சீர்திருத்தவாதி கால்வினின் வழியான கால்வினியம் பற்றி ஆறு உரை நிகழ்த்தினார். 1901இல் அவர் தம் நாட்டுக்கே பிரதமர் ஆகிவிட்டார். 1962இல் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் வந்து பேசியதும் அதே செமினரியில்தான்.

நான் போகிற இடத்தில் அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை. கூட்டத்தில் பாதிப்பேர் ரிட்டயர் ஆனவர்கள், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு. மீதி மாணவர்கள், அதில் கொரியர்கள் நிறைய. பேசுகிறவர் எழுதிவந்த தாளைப் பார்த்து அப்படியே வாசிக்கிறார். நம் ஊர்க் கன்வென்ஷன் பிரசங்கம் கேட்டுப் பழகிய காதுக்கு முதல் நாள் தூக்கம்தான் வந்தது. கேள்வி நேரத்தில் மைக்கைப் பிடிக்கிறவர்கள் கேள்வி கேட்காமல் தாங்களே ஒரு பிரசங்கம் செய்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அது எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போல.

இரண்டாம் நாள்தான் விஷயம். தலைப்பு, அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து ஆராதனையின் வரலாறு. கி.பி. 150 வாக்கில் ரோமாபுரியில் யுஸ்தீன் என்கிற இரத்தசாட்சி எழுதியதிலிருந்து ஆரம்பித்தார். ஜெபம் முடிந்ததும் விசுவாசிகள் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்துவார்கள், அதன் பிறகுதான் அப்பமும் பாத்திரமும் கொண்டுவரப்படும் என்று அவர் எழுதியிருக்கிறார். மேற்கத்திய சபைகளில் இது காலப்போக்கில் ஜனங்களிடமிருந்து நழுவிப்போய்விட்டது. இங்கிலாந்துச் சபையான ஆங்கிலிக்கன் சபையின் ஜெபப் புத்தகத்தில் 1549இல் சமாதான வாக்கியமாவது இருந்தது. 1552இல் அதையும் எடுத்துவிட்டார்கள். 1662 புத்தகத்திலும் ஜனங்கள் சமாதானம் கூறுகிற இடம் இல்லை.

அப்புறம் ஸ்லைடு மாறியது. தென்னிந்திய திருச்சபை, 1950 என்று போட்டிருந்தது. நம் சபை! நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி மதராஸில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்களெல்லாம் ஒரே சபையானபோது, ஒன்றாக ஆராதிக்க ஒரு முறைமை தேவைப்பட்டது. அதை யாரிடமிருந்தும் அப்படியே எடுக்கவில்லை. பலிபீடத்தைப் பார்த்து நிற்காமல் மேசைக்குப் பின்னால் ஜனங்களைப் பார்த்து ஆயர் நிற்கும்படி செய்தார்கள். அப்பம் பிட்கிறபோது எங்கள் நடுவில் இரும் என்று இயேசுவை நல்ல பிரதான ஆசாரியராக அழைக்கிற அந்த ஜெபம் ஸ்பெயின் தேசத்துப் பழைய வழிபாட்டிலிருந்து வந்ததாம். சமாதானம் கூறுவதோ கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்தது. அவர்கள் அதை விடாமல் வைத்திருந்தார்கள்.

எப்படிச் செய்வது என்று மேடைக்கு இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கொடுக்கிறவர் வலது உள்ளங்கையை மற்றவரின் வலது உள்ளங்கையில் வைக்க வேண்டும். பிறகு இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூட வேண்டும். குலுக்கக் கூடாது. அந்தப் பையன்கள் மூன்று முறையும் குலுக்கினார்கள். பக்கத்திலிருந்த பெரியவர் என்னைப் பார்க்க, நான் கை நீட்டிச் செய்துகாட்டினேன். ‘அட, இவ்வளவுதானா’ என்றார்.

ஆகவே அப்பா, கமிட்டியில் நீங்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிற ‘சமாதானம் கூறுகிறோம் என்று கைகொடுப்பதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்’ என்கிற வாதம் நிற்காது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த புத்தகத்தில்தான் அது இல்லையே! நம்மிடம் அது வந்த பிறகு, மேல்நாட்டார் தங்கள் வழிபாட்டைத் திருத்தி எழுதினபோது நம்முடைய முறைமையை எடுத்துவைத்துப் படித்தார்கள். இங்கே நான் போகிற சபையில் எல்லாரும் கைகொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லாம் நம்மால்தான் என்று பேச்சாளர் சொல்லவில்லை. கத்தோலிக்கர்களும், 1960களில் அவர்களுடைய ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, ஜனங்களுக்கு அதைத் திரும்பக் கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்றில் நீங்கள் சொல்வது சரி. சமாதானம் கூறுவது அரட்டையாகிவிடக் கூடாது. இங்கே அந்த நேரத்தில் கோயிலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய் நலம் விசாரித்து, பேரப்பிள்ளை போட்டோ காட்டிவிட்டு வருகிறார்கள். ஆயர் ஆர்கன் வாசிக்கச் சொல்லித்தான் உட்காரவைக்கிறார். நீங்கள் பார்த்தால் எழுந்து வெளியே போய்விடுவீர்கள்.

உங்கள் அலமாரியில் 1963இல் அச்சான ஆராதனைப் புத்தகம் இருக்குமே, அதில் திருவிருந்து முறைமைக்கு முன்னால் இருக்கிற குறிப்புப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பெரியவர் கேட்கிறார், எனக்கும் வேண்டும்.

அடுத்த வாரம் சங்கீதங்கள் பற்றிய உரை. இன்டர்நெட்டில் நேரலையாகவும் போடுகிறார்கள். இங்கே மாலை ஏழு மணி என்றால் உங்களுக்கு விடிகாலை நாலரை. எப்படியும் நீங்கள் ஜெபிக்க எழுந்திருக்கிற நேரம்தான், லிங்க் அனுப்புகிறேன். கேட்டுவிட்டு என்ன குறை கண்டீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்